பழியை நம்புகிறவர்கள்

பதிப்பகத்துக்கு வரும் நாவல் கைப்பிரதிகளைப் படித்துத் திருத்துவது என் வேலை. பொய்ப் பழி சுமந்த ஒரு கதாபாத்திரமாவது வராத மாதம் அரிது. திருட்டு, கையாடல், நடத்தை என்று பழி மாறும். அதைத் தேர்ந்தெடுக்கும் காரணம் மாறாது. நாயகன் ஒரு துரும்பைக்கூட அசைக்காமல் முதல் அத்தியாயத்திலேயே வாசகரின் இரக்கத்தைப் பெற்றுவிடுகிறான். இந்த வசதிதான் பல கைப்பிரதிகளைக் கெடுக்கிறது.

பெரும்பாலானோர் தங்கள் உழைப்பையெல்லாம் பொய் சொன்னவன் மீதே கொட்டுகிறார்கள். அவன் பொறாமை, அவன் சூழ்ச்சி, அவன் நள்ளிரவுத் திட்டங்கள். அதை நம்பியவர்களைப் பற்றி ஒரு பத்திகூட இருக்காது. தஞ்சாவூர்ப் பொம்மைகளாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நானோ அவர்களைத்தான் தேடிப் படிக்கிறேன்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை மறுபடி படிக்கும்படி பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொற்கொல்லன்தான் திருடன் என்பதை இளங்கோ நம்மிடம் மறைக்கவில்லை. அரசி ஊடல் கொண்டு, தலைநோவைக் காரணம் காட்டி எழுந்து போகிறாள். அவளைத் தேடிப் பாண்டியன் போகும்போது பொற்கொல்லன் எதிரே வந்து பணிகிறான். அந்த நேரத்தில் அரசனுக்குச் சிலம்பு வேண்டும். விசாரணைக்குப் பொறுமை இல்லை. கோவலனைப் பார்த்த காவலர்கள் இவன் கள்வன் அல்லன் என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை நூல் அறிந்தவன்போல் அடுக்கிக்கொண்டே போகிறான். அப்போதும் அவர்கள் முடிவுக்கு வரவில்லை. குடிமயக்கத்தில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று முதலிலேயே உடைத்துப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும் வழக்கு. ஒவ்வொருவரும் எந்த அளவுக்கு நம்பினார்கள், ஏன் நம்பினார்கள் என்பதில்தான் அந்தக் காதை பதைக்கிறது.

நம்பாமலே தண்டிப்பது இன்னொரு வகை. அலெக்சாந்தர் டூமாவின் மாண்டி கிறிஸ்டோ நாவலில், பொய்ப் புகாரில் கைதான மாலுமி டான்டெஸ் நிரபராதி என்று அரசு வழக்கறிஞர் வில்ஃபோருக்குத் தெரியும், விடுவிக்கவும் நினைக்கிறான். டான்டெஸிடம் கிடைத்த கடிதம் தன் தந்தையின் பெயருக்கு வந்தது என்று கண்டதும், தன் பதவிக்கு ஆபத்து என்று அஞ்சி அதை எரித்துவிட்டு டான்டெஸைச் சிறைக்கு அனுப்புகிறான். உண்மை தெரிந்தும் பழி நிற்கிறது. அந்தக் காட்சிக்கு இணையாக ஒரு கண்காணிப்பு கேமராப் பதிவு என்ன செய்துவிடும்? ஆனால் எனக்கு வரும் கைப்பிரதிகளில் கடைசி அத்தியாயத்தில் கேமராதான் வந்து காப்பாற்றுகிறது.

பெண் ஒருத்தி பொய்ப் புகார் கொடுப்பதாக எழுதப்பட்ட கைப்பிரதிகளில் கூடுதல் கண்டிப்போடு இருக்கிறேன். உண்மையான புகாரையே சந்தேகத்தோடு பார்க்கும் உலகில் அது வெறும் கதைத் திருப்பமாக நின்றுவிடாது. அப்படி எழுதக்கூடாது என்று நான் தடுப்பதில்லை. அவள் கண்ணிலிருந்து ஓர் அத்தியாயம் எழுதித் தாருங்கள் என்று மட்டும் கேட்பேன். சிலர் எழுதினார்கள், அவளை ஆட்டிவைத்த மேலதிகாரியோ குடும்பமோ வெளியே வந்து கதையே வேறாகியது. சிலர் கைப்பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அண்மையில் கையாடல் பழி பற்றிய நாவல் ஒன்றைத் திருத்தினேன். குற்றமற்றவன் என்று தெரிந்த அன்றோடு கதை முடிகிறது. மறுநாள் அவன் அதே அலுவலகத்துக்குப் போய், தன் மேசையைத் தள்ளிப் போட்டவர்களோடு எப்படிச் சாப்பிட உட்காருவான் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். வாசகர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள் என்று எழுத்தாளர் பதில் எழுதினார். நான் காத்திருப்பேன் என்று எழுதினேன். அவர் இசையவில்லை.