இரண்டு பட்டியல்

"எல்லாம் வந்துருச்சா தம்பி?"

"வந்துருச்சு சார்."

இவ்வளவுதான் நாங்கள் பேசியது. பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். உண்மையில் வர வேண்டியதைவிட அதிகமாகவே வந்திருந்தது.

சார் ஓய்வு பெற்ற வாத்தியார். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடியில் அவருடைய தெருவில் இறந்துபோனவர்களின் பெயர்களைப் பாம்பன், தங்கச்சிமடம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியிருந்தார். அதற்கே இரண்டு வருடம். என் கடையில் அச்சுக்குத் தயார் செய்துகொண்டிருந்த நினைவு மலரின் நடுப்பக்கம் அந்தப் பட்டியல்தான்.

அன்றைக்குத் திருத்தங்களோடு பென் டிரைவைக் கொடுத்தார். ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று கடைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். ஆனாலும் நேராக பென் டிரைவிலேயே, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரில் திறந்து வேலை பார்த்தேன். கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி டெர்மினலில் உப்புக்காற்றால் பச்சை பூத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இங்கே எல்லார் கடையிலும் இதே கதைதான். அதற்காக என் தப்பு இல்லை என்று ஆகிவிடாது.

அதற்கப்புறம் ஃபைல் திறக்கவில்லை. புது ஃபைல் போட்டு, 'பிளேஸ்' கொடுத்து உள்ளே இருக்கும் மேட்டரை மட்டும் இழுத்துப் பார்த்தேன். வாழ்த்துரைகள் வந்தன. பட்டியல் வரும்போது சிஸ்டம் நின்றுவிட்டது. கடைசியாக நோட்பேடில் திறந்தேன். பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ் அங்கே ஆங்கில எழுத்தாகத்தான் கிடக்கும். எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று இருந்தால் அது 'அம்மா'. இருபது வருடம் அடித்த கைக்கு அது தெரியும். குப்பைக் குறிகளுக்கு நடுவே பெயர்களைப் பொறுக்கி, வேர்டில் போட்டு, எழுத்துருவை மாற்றினேன். ஒவ்வொரு பெயராகத் தமிழில் எழுந்து வந்தபோது உடம்பு சிலிர்த்தது.

பட்டியல் இரண்டு முறை இருந்தது. ஒன்றில் 31 பேர், இன்னொன்றில் 29.

பேஜ்மேக்கரில் சாதாரணமாக 'சேவ்' கொடுத்தால் முழு ஃபைலையும் திரும்ப எழுதாது, மாற்றத்தை மட்டும் கடைசியில் சேர்த்துக்கொள்ளும். நாம் அழித்தது உள்ளேயே கிடக்கும். 'சேவ் அஸ்' கொடுத்தால்தான் சுத்தமாக எழுதி, ஃபைலும் சின்னதாகும். ஆகவே ஒரு பட்டியல் பழையது. எது என்று நோட்பேடைப் பார்த்துச் சொல்ல முடியாது. கூடுதலாக இருந்த இரண்டு பேரும் ஒரே வீடு. ஒரு பெண், ஒரு குழந்தை. சார் பிறகு சேர்த்தாரா, எடுத்தாரா?

சார் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கலாம். கேட்டால் ஃபைல் போன கதையையும் சொல்ல வேண்டும். போனவர் பெயர் விட்டுப்போவதைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருப்பது பாவமில்லை என்று 31-ஐ எடுத்துக்கொண்டேன். அது நியாயம் என்று அன்றைக்குத் தோன்றியது. ஒருவேளை அந்தத் தாயும் பிள்ளையும் எங்கேயாவது கரையேறி உயிரோடு இருந்து, அது தெரிந்துதான் சார் எடுத்திருந்தால்? இது எனக்கு ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது. அதற்குள் அச்சுக்குப் பிளேட் போட்டாகிவிட்டது.

புரூஃப் கொடுத்தேன், அவரும் கையெழுத்துப் போட்டார். அதையும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வெளியீட்டுக்கு இரண்டு நாள்தான் இருந்தது, அவர் கண்ணாடியையும் அன்று கொண்டுவரவில்லை.

புத்தகம் கைக்கு வந்ததும் நடுப்பக்கத்தைத்தான் திறந்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது. "இந்தப் பேரு..." என்றார். என்னைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும் தம்பி."

இருக்கட்டும் என்றால் என்ன? தப்புதான், பரவாயில்லை என்றா? எடுக்க நினைத்தேன், இருந்தால் நல்லதுதான் என்றா? நான் கேட்கவில்லை.

இப்போது பேட்டரி புதுசு. எந்த ஃபைலும் ஹார்ட் டிஸ்குக்கு வந்த பிறகுதான் திறக்கிறோம். சாயங்காலம் புது நம்பர் போட்டு 'சேவ் அஸ்', கூடவே ஒரு பிடிஎஃப். பையன்கள் மறந்தால் கோபம் வருகிறது, கொஞ்சம் அதிகமாகவே வருகிறது.

போன மாதம் சார் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். இரண்டு பட்டியலும் இருக்கும் அந்த நோட்பேட் ஃபைல் இன்னும் என் சிஸ்டத்தில்தான் இருக்கிறது. மவுஸைக் கூட அதன் பக்கம் கொண்டுபோனேன். அவர் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு, "வர்றேன் தம்பி" என்று படியிறங்கிப் போய்விட்டார்.