வெடிச் சத்தத்தில் வயிறு கலங்கும் நாய்க்கு என்ன செய்வது

பேதி கண்டதும் பலரும் முதலில் சோற்றைத்தான் மாற்றுகிறார்கள். அதற்கு முன் மலத்தைப் பாருங்கள். பயத்தால் வரும் பேதிக்கு ஓர் அடையாளம் உண்டு. நாய் அடிக்கடி வெளியே போகக் கேட்கும், முக்கும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத்தான் போகும். மேலே கஞ்சி மாதிரி சளி படிந்திருக்கும், கடைசியில் இரண்டு சொட்டு புது ரத்தம்கூட இருக்கலாம். இது பெருங்குடல் சமாசாரம். பயம் வந்தால் குடல் வேகமாக அசையும். தண்ணீரை உறிஞ்ச நேரம் கிடைக்காமல் மலம் இளகிவிடும். நாய் மற்றபடி தெளிவாக இருக்கும், சாப்பாடும் கேட்கும்.

அப்படி இல்லாமல் ஏராளமாகப் போனாலோ, எடை குறைந்துகொண்டே வந்தாலோ சிறுகுடலில் கோளாறு. பயத்தின் மேல் பழி போடக் கூடாது. மலம் தார் மாதிரி கறுப்பாக இருந்தாலும், வாந்தியோடு ரத்தமாகத் தண்ணீராய்க் கொட்டினாலும், ஈறு வெளுத்து, தொட்டால் ஒட்டினாலும், தடுப்பூசி முடியாத குட்டிக்கு வந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நாயின் உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம். 103-ஐத் தாண்டினால் அது வெறும் பயம் அல்ல. நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் சகஜம் என்பதால் காதுமடல், விரலிடுக்கு இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

போகும்போது புதிதாகப் போட்ட மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். கொக்கிப்புழு, உருண்டைப்புழு, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஜியார்டியா எல்லா நாளும் மலத்தில் தெரியாது. ஒரு தடவை இல்லை என்று வந்தாலும் சந்தேகம் இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். மெடிக்கலில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கேட்டு வாங்கி நாமே கொடுக்கிற பழக்கம் வேண்டாம். அது குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கலைத்துவிடும். பேதியை நிறுத்த மனிதர் போடுகிற மாத்திரையும் வேண்டாம். அதில் இருக்கிற லோப்பரமைடு சில நாய் இனங்களுக்கு ஆபத்து.

பேதி நிற்கும்வரை சாப்பாடு இதுதான்: தோலும் எலும்பும் இல்லாத கோழி நெஞ்சுக்கறி, குழைய வேகவைத்த சோறு. 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு வெந்த சோறு 200 கிராம், வெந்த கறி 80 கிராம் போதும். நான்காகப் பிரித்து நான்கு வேளை கொடுங்கள். உப்பு, மஞ்சள் தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். ரேஷன் அரிசியே தாராளம். இதோடு நார்ச்சத்துக்காக அரை டீஸ்பூன் இசப்கோலை நன்றாகத் தண்ணீரில் ஊறவைத்துக் கலக்கலாம். உலர்வாகப் போட்டால் தொண்டையில் அடைக்கும். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு டேபிள்ஸ்பூனும் அதே வேலையைச் செய்யும். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். இந்தச் சாப்பாட்டில் கால்சியம் கிடையாது. ஒரு வாரத்துக்கு மேல் இதையே ஓட்டக் கூடாது.

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் கெட்டுப்போகிறது. இரண்டாம் நாள் மலம் கட்டியாக வந்ததும், பாவம் வெறும் சோறு தின்கிறதே என்று பாட்டி பால் ஊற்றுவார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு தட்டிலிருந்து கீழே இறங்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு குத்தும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்ப ஏழு நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு நாள் பழையது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் அரைப் பங்கு, பிறகு முக்கால். நடுவில் இளகினால் ஒரு படி பின்னே வாருங்கள். புது பிராண்டு, புது மருந்து, புதுப் பயிற்சி மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கடைசிவரை தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பேதி நின்ற பிறகுதான் பயத்துக்கு வைத்தியம். வேலூர்க்காரர்களுக்கு தீபாவளி மட்டும் கணக்கு இல்லை. மாசியில் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை, வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, இடையில் சாவு ஊர்வலத்து வெடி. சிரசு வருவது கத்திரி வெயிலில். வெயிலுக்கு மூச்சிரைக்கிறதா பயத்துக்கா என்று அப்போது பிரித்துச் சொல்வது கஷ்டம். வாலையும் வாயையும் பாருங்கள்: வால் கால்களுக்கு நடுவில் போயிருக்கும், தீனி எதுவும் இல்லாமலே உதட்டை நக்கும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், மொசைக்கில் ஈரமான பாதத்தடம் விழும். நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில்தான்.

தீபாவளிக்கு ஆவணியிலேயே தொடங்குங்கள். வெடிச் சத்தப் பதிவை ஃபோனில் கேட்டும் கேட்காத அளவில் வைத்து, சுண்டுவிரல் நகம் அளவு கோழித் துண்டைக் கொடுங்கள். சத்தம் முதலில், துண்டு அதற்குப் பிறகு. வரிசை மாறினால் துண்டைப் பார்த்தாலே வெடி வருமோ என்று பயந்துவிடும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். நாய் நிம்மதியாக இருந்தால் மட்டும் சில நாளுக்கு ஒரு முறை சத்தத்தை ஒரு புள்ளி கூட்டுங்கள். துண்டை வேண்டாம் என்றால் சத்தம் அதிகம் என்று அர்த்தம்; குறையுங்கள். பயிற்சிக்கு பிஸ்கட் வேண்டாம். பயம் குறைகிற நேரத்தில் பிஸ்கட்டால் வயிறு போய்விட்டால் என்ன லாபம்? துண்டின் அளவை அன்றைய சாப்பாட்டில் கழித்துவிடுங்கள்.

பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்பது தவறு. பக்கத்தில் உட்காருங்கள், தடவுங்கள்; அதட்டுவதுதான் கூடாது.

திருவிழா அன்று நடையும் சாப்பாடும் மாலை நான்கு மணிக்குள் முடியட்டும். வெளியே போகும்போது கழுத்துப்பட்டையோடு சங்கிலி கட்டாயம். முதல் வெடிக்கே ஓடிப்போகிற நாய்கள் உண்டு. ஜன்னல் இல்லாத உள் அறையில் பழைய போர்வை, தண்ணீர், ஏர் கூலர். கூலரின் இரைச்சல் தூரத்து வெடியை நன்றாக மறைக்கும். கரண்ட் போனால் அந்த இரைச்சலும் சேர்ந்து நிற்கும். இன்வெர்ட்டரில் ஃபேனாவது ஓடட்டும்.

இதற்கும் அடங்காத நாய்க்கு மருத்துவர் பயத்தைத் தணிக்கும் மருந்தாக ட்ராசடோனோ கேபாபென்டினோ எழுதலாம். பயம் தொடங்கும் முன்பே, ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்னால் கொடுத்தால்தான் பலன். ட்ராசடோன் சில நாய்களுக்குத் தானே வயிற்றைக் கலக்கும். அதனால் சாதாரண நாள் ஒன்றில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதருக்கான கேபாபென்டின் சிரப்பில் ஸைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாய்க்கு விஷம், பாட்டிலைப் படியுங்கள். ஏஸ்புரோமசின் என்ற அசதி மருந்தை மட்டும் கொடுத்தால் நாய் படுத்துக் கிடக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். அதைத் தனியாக எழுதினால் மாற்று உண்டா என்று கேளுங்கள்.

மறுநாள் மிச்சப் பட்டாசை பிள்ளைகள் வெடித்து முடிக்கும்வரை சங்கிலியை அவிழ்க்காதீர்கள். காலைச் சாப்பாட்டைப் பாதியாகக் குறையுங்கள். மலம் இளகினால் சோறும் கோழியும். மூன்றாம் நாளும் கட்டியாகவில்லை என்றால் மறுபடி டப்பாவோடு மருத்துவமனைக்கு.