அத்தையின் தராசில் ஏறிய கிரானைட்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போய் இரண்டு வாரம் இருக்கும். விடியற்காலையில் வாசலில் தடாலென்று ஒரு சத்தம். பூனை எதையோ தள்ளிவிட்டது என்று புரண்டு படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால், முதல் மாடி முகப்பில் ஒட்டியிருந்த கிரானைட் பலகை ஒன்று என் வண்டி சீட்டில் பாதி, தரையில் பாதியாகக் கிடக்கிறது. தினமும் ஆறரை மணிக்குப் பால்காரர் நிற்கிற இடம் அது.

விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் வழவழவென்று இருந்தது. சிமெண்ட் பிடிக்கிற மாதிரி கொத்திச் சொரசொரப்பாக்காமல் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். போதாததற்குத் தண்டையார்பேட்டை போர் தண்ணீர், வாயில் வைத்தாலே கரிக்கும். அதை ஊற்றித்தான் அந்தக் காலத்தில் பூச்சு வேலையே நடந்தது. மிச்சமிருந்த பலகைகளையும் அந்த வாரமே இறக்கிவிட்டோம்.

அப்புறம் மாதவரம் பக்கம் ஒரு கல் யார்டில்தான் எடை குறைந்த கிரானைட் பேனலைக் காட்டினார்கள். அசல் கிரானைட்தான், ஆனால் ஐந்து மில்லிமீட்டர் கனம். அதன் முதுகில் தேன்கூடு மாதிரி அறுகோண அறைகளாக அலுமினியத் தகடு, நடுவில் எபாக்ஸி பசை. ஒரு கல்லின் இரண்டு பக்கமும் தேன்கூட்டை ஒட்டிவிட்டு, பன்னை அறுப்பதுபோலக் கல்லை நடுவில் அறுப்பார்களாம். இரண்டு பேனல் கிடைத்துவிடும்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சதுர அடி சாம்பிள் ஒன்றையும், அதே அளவில் 20 மில்லிமீட்டர் சாதா கிரானைட் ஒன்றையும் வாங்கிக்கொண்டு நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர், தராசு எப்போதும் தயார். சாதா கல் ஐந்து கிலோவைத் தாண்டி நின்றது. பேனல் ஒன்றரை கிலோ. தராசைத் தட்டிவிட்டு மறுபடி நிறுத்தார். “வஞ்சிரம் இப்படிக் கொறஞ்சா ஆளை வெட்டிடுவேன். இதுல கல்லு எங்கடி இருக்கு?”

மேஸ்திரிக்கும் அதே சந்தேகம். “இன்னாமா, கல்லுன்னா கனமா இருக்க வேணாமா?” விரலால் தட்டினார். டொக் டொக் என்று உள்ளே காலியாகக் கேட்டது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாடி முகப்பு 200 சதுர அடி. சாதா கல் என்றால் ஒரு டன், பேனல் என்றால் சுமார் 300 கிலோ. அந்த நாலரை இஞ்ச் சுவரில் ஒரு டன்னை மறுபடி தொங்கவிட எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் சந்தில் கிரேனும் நுழையாது. எட்டுக்கு இரண்டடி பலகையில் சாதா கல் 80 கிலோ வரும், பேனலை இரண்டு பேர் சாரத்தில் ஏற்றிவிடலாம்.

சரி என்றார். ஆனால் ஒட்டுகிற வேலை இதில் கிடையாது. சுவரை நம்பாமல் தூணிலும் பீமிலும் ஆங்கர் போல்ட் அடித்து, அதில் அலுமினியச் சட்டம் நிறுத்தி, பேனலின் முதுகில் உள்ள கொக்கியைச் சட்டத்தில் மாட்ட வேண்டும். போல்ட் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன், உப்புக்காற்றைத் தாங்குகிற 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டும் என்று. எங்கள் ஜன்னல் கம்பியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறவள் நான். கடற்காற்று என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஸ்டீலும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் நின்றால் அலுமினியம்தான் அரிக்கும். அதனால் இரண்டுக்கும் நடுவில் நைலான் வாஷர் போடச் சொன்னேன்.

விலையைக் கேட்காதீர்கள். சாதா கல்லைவிடப் பல மடங்கு. அதனால் மாடிக்கு மட்டும் பேனல். கீழே இடுப்பு உயரம் வரை மேஸ்திரி ஆசைப்படி சாதா கல்தான், இந்த முறை பின்பக்கத்தை நன்றாகக் கொத்திவிட்டு ஒட்டினார். அது விழுந்தாலும் காலடியில்தான் விழும்.

குறை ஒன்று உண்டு. பேனலின் ஓரம் தெரிந்தால் குட்டு உடைந்துவிடும். சாதா கல்லை ஓரத்தில் பாலிஷ் போட்டு உருட்டலாம், இதில் அது நடக்காது. மூலைகளில் 45 டிகிரி சாய்த்து அறுத்துச் சேர்க்க வேண்டும். இடது மூலையில் ஏற்றும்போதே ஒரு துண்டு பெயர்ந்துவிட்டது. கறுப்புப் பசையும் கல் தூளும் குழைத்து அடைத்தார்கள். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது என்கிறார் மேஸ்திரி. எனக்குத் தெரிகிறது.