யெண்டியின் இரண்டு அடியந்திரங்கள்

மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த அண்டி ஆபீஸில் (முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலையில்) வந்து இறங்கும் சாக்குகளில் 'கானா' என்று அச்சிட்டிருப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்திருக்கிறேன். வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்று, பகல் பொழுது நீண்டுபோன பிறகே அந்த நாட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். பணியில் இருந்த காலத்தில் சமாதானக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலைகளில் ஒன்றாக இருந்ததால், வடக்குக் கானாவில் உள்ள தக்பான் என்னும் பாரம்பரிய அரசின் அரசுரிமைத் தகராறு என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது.

தக்பானின் தலைநகர் யெண்டி. அரசரை 'யா-நா' என்பார்கள். தெற்குக் கானாவில் தலைவரை முக்காலியில் அமர்த்துவது போல, வடக்கில் விலங்குத் தோலின்மீது அமர்த்துவது வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட ஒரே அரசரின் இரண்டு மகன்கள் வழியாகப் பிரிந்த அபுது, அந்தானி என்னும் இரு கிளையினரும் மாறி மாறி அரசேற வேண்டும் என்பது மரபு. 1974-இல் அபுது கிளையைச் சேர்ந்த மஹமது அப்துலாய் பதவியிலிருந்து இறக்கப்பட்டு, அந்தானி கிளையின் யாகுபு அந்தானி அரசரானார். 1986-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் இவர் பக்கமே தீர்ப்பளித்தது. 1988-இல் மஹமது அப்துலாய் இறந்தபோதுதான் உண்மையான சிக்கல் எழுந்தது. அவருக்கு அரசருக்குரிய அடியந்திரத்தை, அதாவது சாவுக்குப் பின் செய்யும் சடங்கை, அரண்மனையில் செய்யலாமா, கூடாதா? செய்தால் அவர் அரசராக இருந்தார் என்பதை ஒப்புக்கொண்டதாகும், அவருடைய பிள்ளைகளுக்கும் அரசுரிமைக்கான வழி திறக்கும். செய்யாவிட்டால் ஒரு கிளையே வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். பதினான்கு ஆண்டுகள் தீராமல் கிடந்த அந்தப் பகை 2002 மார்ச் மாத இறுதியில் மூன்று நாள் சண்டையாக வெடித்தது. மார்ச் 27 அன்று யா-நா யாகுபு அந்தானியும் அவரைச் சேர்ந்த பலரும் கொல்லப்பட்டார்கள். கானா அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது, விசாரணை ஆணையம் அமைத்தது, அமைச்சர்கள் பதவி விலகினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களை 2011-இல் நீதிமன்றம் விடுவித்துவிட்டது.

இதில் அரசுக்கு ஒரு தர்மசங்கடம் இருந்தது. கானாவின் 1992-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் பாரம்பரியத் தலைமையைக் காப்பதோடு, ஒருவரைத் தலைவராக அங்கீகரிக்கவோ அந்த அங்கீகாரத்தை விலக்கவோ யாருக்கும் உரிமை தரும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற முடியாது என்றும் சொல்கிறது. இரு பெரிய கட்சிகளும் ஆளுக்கொரு கிளைக்கு வேண்டியவை என்ற பேச்சும் ஊரில் இருந்தது. ஆகவே அரசு மூன்று பெரிய பாரம்பரிய அரசர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தது: அசாந்தி அரசர் ஒசெய் டுட்டு, மம்ப்ருசி அரசர், கோன்ஜா அரசர். அசாந்தி அரச மரபு தாய்வழியில் செல்வது; தக்பானிலோ தந்தைவழி. அரசரின் சகோதரி மகனே அரசேறும் மருமக்கள் வழியில் அரசாண்ட திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்த எனக்கு, இந்த இடத்தில் மருமகனாக அரசேறிய மார்த்தாண்ட வர்மாவும், தந்தையின் அரசு பிள்ளைகளுக்கே என்று அவரை எதிர்த்துப் போராடி மாண்ட, முந்தைய அரசரின் மகன்களான தம்பிமாரும் நினைவுக்கு வராமல் இல்லை.

அந்த மூவரும் அவசரப்படவில்லை. கொல்லப்பட்ட அரசரை அடக்கம் செய்வதற்கே 2006 ஏப்ரல் ஆகிவிட்டது. 2018 நவம்பரில்தான் இறுதித் தீர்வு வந்தது: முதலில், முப்பது ஆண்டுகளாகக் காத்திருந்த மஹமது அப்துலாய்க்கு அரசருக்குரிய அடியந்திரம், அது முடிந்த பின்னர் யாகுபு அந்தானிக்கு. டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் மற்றொன்று என இரண்டும் நடந்து முடிந்தன. 2019 ஜனவரியில் அந்தானி கிளையின் அபுபக்கரி மஹமா புதிய யா-நாவாகத் தோலில் அமர்ந்தார். பதவியிலிருந்து இறக்கப்பட்டு, நீதிமன்றத் தீர்ப்பிலும் தோற்ற ஒருவருக்கு முதல் மரியாதை கொடுத்து, நடப்பு அரசுரிமையை எதிர்க்கிளைக்கு விட்டுவைத்த இந்த வரிசை முறையைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். எந்தச் சட்டப் பிரிவிலும் இதற்கு இடமில்லை.

நாங்கள் நடத்திய கூட்டங்களின் கதை வேறு. தாசில்தார் நடுவில், காவல் துறையினர் ஒரு பக்கம், இரு தரப்பிலும் ஐந்தைந்து பேர்; டீயும் வடையும் வந்து சேர்வதற்குள் 'இரு தரப்பினரும் சட்டம் ஒழுங்கிற்குப் பாதகமின்றி நடந்துகொள்வதாக ஒப்புக்கொண்டனர்' என்று நான் எழுதி முடித்திருப்பேன். 1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட மண்டைக்காடு கலவரத்தின் நிழல் எல்லோர் மனத்திலும் இருந்ததால், அன்று மாலை ஊர் அமைதியாக இருந்தாலே போதும் என்று நினைத்தோம். அதையும் குறை சொல்லிவிட முடியாது.

கடலோரத்துக்குச் சற்று உள்ளே இருந்த ஓர் ஊரில், திருவிழா அலங்கார வளைவு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக மூன்று முறை கூட்டம் போட்டோம். மூன்றாவது கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "பாட்டா, இரண்டடி தள்ளி வைத்தால் என்ன?" என்று கேட்டேன். "வளைவு கிடக்கட்டும் பிள்ளே, என் அண்ணன் சவத்தை அந்த முக்கில் வைத்துத்தான் மறித்தார்கள்" என்றார். விசாரித்தபோது, அது நடந்து பத்தொன்பது வருடமாகியிருந்தது. உள்ளே போய்க் கோப்பைப் புரட்டிப் பார்த்தேன்; நானே எழுதிய மூன்று குறிப்புகளிலும் அந்தச் சாவு இல்லை. கையெழுத்துகள் மட்டும் சரியாக இருந்தன.