சுங்கானும் சுக்கானும்

“கையில என்ன பெரியவரே?”

“சுங்கான், சேர்.”

“சுக்கானா? அது போட்டுலதான இருக்கும். நீங்க எந்த போட்டுல வந்தீங்க? யாரு ஓட்டிட்டு வந்தது?”

மண்டபத்தில் ஒரு பஸ் நிறுத்தத்தில், எழுபது வயது தாண்டிய ஒருவருக்கும் ஓர் ஏட்டையாவுக்கும் நடந்த பேச்சு இது. பெரியவர் இலங்கையில், யாழ்ப்பாணத்து வேலணைப் பக்கத்தவர், அகதியாக வந்தவர். வந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல், 18 மைல் கடலைத் தாண்டியதும் படகைத் திருப்புகிற பலகையாகிவிட்டது. அதுவும் எந்தப் படகு, யார் ஓட்டி என்பது இந்தக் கரையில் சாதாரணக் கேள்வி இல்லை. பெரியவர் வாயடைத்து நின்றார். பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற அம்மாதான், “பைப்பு சார், புகை பிடிக்கிற பைப்பு” என்று எடுத்துச் சொன்னார். ஏட்டையாவும் சிரித்துவிட்டார். பெரியவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

1983 தொடங்கி இந்தக் கரையில் எங்கள் சனம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. 2022 மார்ச்சில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் வழியில்லாமல் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கியவர்களையும் இதே மண்டபம் முகாமுக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு முறையும் வருகிறவர்களில் சுருட்டையோ சுங்கானையோ விடமாட்டாத ஓரிரு பெரியவர்கள் இருப்பார்கள். விடச் சொல்வது நல்லது, விட்டவர்களும் உண்டு. விடாதவர்கள் பொலிசிடம் தேவையில்லாமல் சிறுமைப்படக் கூடாது என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

முதலில், சுங்கானைக் கண்டால் பொலிசுக்கு ஏன் சந்தேகம் வருகிறது என்று தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் பைப் பிடிக்கிறவர்கள் மிகக் குறைவு. குழாயில் வைத்து இழுப்பது என்றால் இங்குள்ளவர்களுக்கு நினைவு வருவது கஞ்சாச் சிலிம்தான். அதோடு இது கஞ்சா மூட்டையும் பீடி இலை மூட்டையும் இலங்கைக்குக் கடத்தப்படும் கரை. கடலோரக் காவல், சுங்கத்துறை, உளவுப் பொலிஸான கியூ பிராஞ்ச் என்று எத்தனையோ கண்கள் இதே வேலையாக இருக்கின்றன. அந்தக் கண்ணுக்கு முகாம் ஆள் ஒருவர் கையில் புகையும் குழாய் எப்படித் தெரியும் என்று நாமும் யோசிக்க வேண்டும்.

இரண்டுக்கும் உருவத்தில் வித்தியாசம் தெளிவானது. சிலிம் நேரான குழல், பெரும்பாலும் சுட்ட மண். மேலே அகன்று கீழே ஒடுங்கும். உள்ளே ஒரு சிறு கல் கிடக்கும். அடியில் ஈரத்துணி சுற்றி, இரண்டு கையையும் பொத்தி, நிமிர்த்திப் பிடித்து இழுப்பார்கள். சுங்கான் வளைந்தது. கிண்ணம், தண்டு, வாய்க்குழல் என்று மூன்று பகுதி. வாய்க்குழலின் மூக்கு தண்டுக்குள் சொருகியிருக்கும். பல்லில் கடித்தபடி ஒரு கையாலேயே பிடிக்கலாம். ஆகவே பொலிஸ் கிட்ட வரும்போது சுங்கானைப் பொத்தி மறைக்காதீர்கள். எங்கள் பெரியவர்கள் மரியாதைக்கென்று சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். ஊரில் வாத்தியாரைக் கண்டாலும் சுவாமியாரைக் கண்டாலும் செய்கிற வழக்கம் அது. இங்கே அதைக் கண்டவர்கள் மரியாதை என்று எடுக்கமாட்டார்கள், எதையோ ஒளிக்கிறார் என்றுதான் எடுப்பார்கள். வாயிலிருந்து எடுத்து, கிண்ணம் தெரிய, உள்ளங்கையில் கிடத்திக் காட்டுங்கள். “பைப்பு சார், புகையிலை” என்று மூன்றே சொல் போதும்.

அடுத்தது பொட்டலம். ஆளைச் சிக்கவைப்பது சுங்கானைவிட இதுதான். ஊரிலிருந்து வந்த இலையை மெல்லிசாக அரிந்து, பெயரில்லாத பொலித்தீன் பையில் முடிந்து மடியில் வைப்பது எங்கள் பழக்கம். யாழ்ப்பாணப் புகையிலை தேங்காய்ப் பொச்சுமட்டையும் பனை ஊமலும் எரித்துப் புகைபோட்ட இலை, மணம் தூக்கலாக இருக்கும். பீடி, சிகரெட் மணத்துக்குப் பழகிய மூக்குக்கு அது புதிது, புதிய மணமென்றால் சந்தேகம்தான். அரிந்த புகையிலை நார்நாராக, கபில நிறத்தில், உலர்ந்து இருக்கும். கஞ்சாவில் பச்சை தெரியும், விதையும் பூக்காம்பும் கிடக்கும், விரலில் பிசுபிசுக்கும். இதை அதிகாரி பார்க்க வசதியாக அகன்ற மூடியுள்ள தகரப் பேணியில் வையுங்கள். முழு இலையில் ஒரு கையளவு துண்டை அரியாமல் அதனுள்ளே வைத்திருப்பது இன்னும் நல்லது. இலையின் நரம்பைப் பார்த்தால் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். உறையூர்ச் சுருட்டு வாங்கி உதிர்த்துப் போடுகிறவர்கள் ஒரு முழுச் சுருட்டை உதிர்க்காமல் கூடவே வைத்திருக்கலாம். கனடாவிலிருந்து தம்பி, மருமகன் கொண்டுவரும் டப்பா என்றால் அதன் லேபிளைக் கிழிக்க வேண்டாம். விமானத்தில் வருகிறவருக்கு 2016 ஆம் ஆண்டு பயணச் சாமான் விதிகளில் வரியில்லாத அளவு 125 கிராம் புகையிலையாக இருந்தது, இப்போதைய அளவைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கொண்டுவரச் சொல்லி அவரையும் சிக்கலில் மாட்டாதீர்கள்.

சந்தேகம் தீராமல் உடலைச் சோதிக்க வேண்டும் என்றால் பதறாதீர்கள். 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 50 ஆம் பிரிவின்படி, ஒரு கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கும்படி கேட்க உரிமை உண்டு. இது உடல் சோதனைக்கு மட்டும்தான், பைக்கு இல்லை. அகதி என்பதால் இந்த உரிமை குறைவதில்லை. குரலை உயர்த்தாமல் கேட்டால் போதும். முகாம் அடையாள அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். புகையிலைப் பேணிக்குள் வைத்தால் அட்டையைக் கேட்டதும் பேணியைத்தான் முதலில் திறக்க வேண்டிவரும்.

இனி, எங்களுக்கு மிகவும் நொந்த விஷயம். சோதிக்கும்போது சுங்கானைக் கழற்றிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், அது அவர்கள் கடமை. ஆனால் சூட்டோடு கழற்றினால் சுங்கான் போய்விடும். பற்றிக்கொண்டிருக்கும் சுங்கானில் மரம் சூட்டாலும் ஈரத்தாலும் ஊதி, மூக்கை இறுக்கிப் பிடித்திருக்கும். வாய்க்குழல் எபோனைட் எனும் கெட்டி ரப்பர் என்றால் சூட்டில் இளகியும் இருக்கும். அந்த நேரத்தில் இழுத்தால் மூன்றில் ஒன்று நடக்கும்: மூக்கு முறிந்து தண்டுக்குள்ளேயே அகப்படும், அல்லது தண்டில் மயிரிழை அளவு வெடிப்பு விழும், அல்லது பத்திரமாக வந்ததுபோல் தெரிந்து, ஆறிய பிறகு லொடலொடவென்று ஆடும். அந்த வேலணைப் பெரியவரின் சுங்கான் முதல் வகையில் போனது. இன்னொரு நாள், இன்னொரு சோதனையில், ஓர் இளம் கான்ஸ்டபிள் வெடுக்கென்று இழுத்தார். டக் என்று ஒரு சத்தம்தான். பெரியவரின் தகப்பன், பென்சன் எடுத்த தபால் உத்தியோகத்தர், வெள்ளைக்காரன் காலத்தில் கொழும்பில் வாங்கிய சுங்கான் அது. இடம்பெயர்ந்த அத்தனை தடவையும் பெரியவர் சாமான் சட்டியை விட்டாலும் அதை விடாமல் கொண்டுவந்தார். கடலில் படகுக்குள் தண்ணீர் அடித்தபோது தலைப்பாகைக்குள் செருகி வைத்தார். அந்தப் பையனிடமும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை, அவர் முகமே வாடிவிட்டது. தெரியாமல் நடந்தது. தெரிந்திருந்தால் நடந்திருக்காது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே கழற்றச் சொன்னால், “சூடாயிருக்கு சார், கொஞ்சம் ஆறட்டும், நானே கழற்றித் தாறன்” என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். கிண்ணத்தில் கிடப்பதை ஒரு கல்லில் கொட்டிக் காட்டலாம். அதற்கும் கிண்ணத்தைக் கல்லில் அடிக்கக் கூடாது, விளிம்பு நசிந்துவிடும். சாம்பலை ஈர்க்கால் கிளறி, கையில் தட்டி விழுத்துங்கள். ஆறுவதற்கு இருபது நிமிடமாவது வேண்டும். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சூடு தெரியக் கூடாது. பிறகு தண்டை ஒரு கையால் இறுகப் பிடித்து, வாய்க்குழலை ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். நேராக இழுக்கவே கூடாது. உள்ளே கறுத்துக் கிடப்பது என்ன என்று கேட்பார்கள். அது கரிப்படை, மரம் எரியாமல் காப்பது. ஒரு ரூபாய் நாணயத்தின் தடிப்புக்கு விட்டு, மிச்சத்தைச் சுரண்டிவிட வேண்டும். தடித்துப்போனால் சூட்டில் விரிந்து கிண்ணத்தையே பிளக்கும். சுரண்டக் கத்தி கொண்டு திரியாதீர்கள், அதற்கு ஒரு தனி விசாரணை வரும். அந்த வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

முறிந்த சுங்கானைச் சரிசெய்ய இந்தப் பக்கம் கடை இல்லை. பெரியவர் அதைத் துணியில் சுற்றி ஒரு மாதம் வைத்திருந்தார். கடைசியில் படகு கட்டும் ஆசாரி ஒருவர்தான் கை கொடுத்தார். தண்டுக்குள் முறிந்து கிடந்த மூக்கை, மெல்லிய திருகாணி ஒன்றைச் சூடாக்கி உள்ளே முறுக்கி, ஆறவிட்டு, அதையே பிடியாக வைத்து வெளியே எடுத்தார். வாய்க்குழலின் முனையை மட்டமாக அரத்தால் தேய்த்து, நடுவில் துளையிட்டு, ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் வாங்கிய செம்புக் குழாயில் ஒரு அங்குலத் துண்டை ஒட்டிப் புது மூக்கு ஆக்கினார். சுக்கான் செய்து பழகிய கை, ஒரு நூல் பிசகவில்லை. ஒரே குறை, செம்பு சீக்கிரம் குளிர்வதால் புகையின் ஈரம் அதில் நீராகத் தேங்கி, இழுக்கும்போது களகளவென்று கேட்கும். நடுவில் ஒருமுறை ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி உள்ளே விட்டு எடுத்தால் சரியாகிவிடும். தென்னோலை ஈர்க்கு இந்தக் கரையில் எங்கும் கிடைக்கும், காசு கொடுத்து வாங்கும் துடைப்பானைவிட நல்லது.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003 ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவும் 2008 அக்டோபர் 2 முதல் வந்த விதிகளும் பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கின்றன. 200 ரூபா வரை அபராதம். வெட்டவெளிக்கு விலக்கு உண்டு என்று யாராவது சொன்னால் நம்பி பஸ் நிறுத்தத்திலோ ரயில் நிலையத்திலோ பற்றவைக்காதீர்கள், விதிகள் அவற்றை வெட்டவெளியாகக் கணக்கெடுப்பதில்லை. அபராதம் கட்டினால் ரசீது வாங்குங்கள். இருட்டிய பிறகு கரையோரத்தில் வேண்டவே வேண்டாம். சுங்கானை முதலில் ஒருமுறை பற்றவைத்து, பொங்கி வருவதை அமுக்கி, மறுபடி பற்றவைக்க வேண்டும். காற்றில் ஐந்தாறு குச்சியாவது போகும். கரையில் விட்டுவிட்டு மின்னும் நெருப்பு, ரோந்து வருகிறவருக்குப் படகுக்குக் காட்டும் சைகைபோல் தெரிந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இதெல்லாம் இரண்டு மாதத்தில் பழகிவிடும். “பைப்பு சார்” என்பதும் நாக்கில் வந்துவிடும். பதிவுக்கு வரும் அதிகாரிக்கும் யார் சுங்கான்காரர் என்று தெரிந்துவிடும். பிறகு ஒருநாள் பின்னேரம், பக்கத்து வீட்டில் இலங்கை வானொலி இரைகிறபோது, சுருட்டுக் கொட்டில் ஞாபகத்துக்கு வரும். புகையிலையைப் பதப்படுத்தும் கோடாத் தண்ணீரின் மணம் தெருமுனை வரை வரும். பத்துப் பேர் குந்தியிருந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் மட்டும் வேலை செய்யாமல் பேப்பரைத் தலையங்கம் முதல் மரண அறிவித்தல் வரை உரக்க வாசிப்பார். வழியால் போகிற பொலிஸ்காரரும் சைக்கிளை நிறுத்தி, ஒரு கால் ஊன்றி, செய்தி முடியும் வரை கேட்பார். போகும்போது அவருக்கும் ஒரு சுருட்டு உண்டு. அங்கே யாரும் அதை என்னவென்று கேட்டதில்லை.

வைகாசி பிறந்தால் இங்கேயும் சோழகக் காற்று எழும்பும். காற்றுக்கு முகம் காட்டிப் பிடித்தால் தணல் சீறும், கிண்ணம் பொத்தல் விழும், நாக்கு வெந்துவிடும். தகர மூடியில் ஆணியால் ஏழெட்டுத் துளை போட்டுக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்து, தென்மேற்குக்கு முதுகு கொடுத்து, முகாமின் பின்சுவரோடு குந்த வேண்டும். வேலணைப் பெரியவர் அப்படித்தான் இருப்பார். அவர் விடும் புகை நேரே வடகிழக்கே போகும். யாழ்ப்பாணம் அந்தப் பக்கம்தான்.