வேலூர்க்காரர் கடலோரம் குடிபோகும்போது

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தண்ணீர் வற்றினால் நமக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: போரை இன்னும் ஆழமாக இறக்குவது. அந்தப் பழக்கத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு பார்த்தால் உப்புத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டிவரும். அங்கே மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல நீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே 1 அடி இறங்கிவிட்டால் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். அதனால் ஆழ போரை விட மேலாக எடுக்கும் கிணறே மேல். அதையும் மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இறைக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும்.

வீட்டுக்காரர் மழைக்காலத்தில் காட்டும் தண்ணீரை நம்பாதீர்கள். மே மாதத்தில் டிடிஎஸ் மீட்டரோடு (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) போய்ப் பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நிம்மதி. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை தரநிர்ணயம் அனுமதிக்கிறது, ஆனால் ஆர்.ஓ. இல்லாமல் வாயில் வைக்க முடியாது. சொந்தமாக வாங்குவதானால், அலை ஏற்றக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் தொடும் எல்லை) 500 மீட்டர் வரை, கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி பாயும் என்பதையும் பத்திரம் பார்க்கும் வக்கீலிடம் கேளுங்கள்.

ஜன்னல் கம்பி, கேட், ஏசியின் வெளி யூனிட் மூன்றையும் உப்புக் காற்று தின்றுவிடும். ஏசி காயிலை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஸ்டீல் கைப்பிடி போடுவதானால் 304 ரக ஸ்டீல் கறை பிடிக்கும், 316 ரகம் தாங்கும்.

இனி கடல். வேலூர்க்காரர் ஏமாறும் இடம் இதுதான். அலை இரண்டு பக்கமும் நுரைத்து உடைகிறது, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், சற்றுக் கலங்கலாக, அமைதியாகக் கிடக்கிறது. குழந்தையை இறக்க வசதியான இடம் என்று தோன்றும். கரையில் ஏறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. அலை உடையாததற்குக் காரணமே அங்கே பள்ளம் இருப்பதுதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், அதில்தான் ஆள் களைத்துப் போகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை தெரியும் இடத்துக்கு வந்தபின் கரைக்குத் திரும்புங்கள். முடியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்குங்கள்.

நம் கரையில் கடல் மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம் பெரும்பாலும் 1 மீட்டர்தான், ஆகவே வற்றம் எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பருவத்தைப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை இறங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காலைக்கூட நனைக்காமல் வேடிக்கை பாருங்கள். கோடையில் கடற்காற்று நண்பகலுக்கு எழும், அதற்கு முன்னால் வியர்வையில் ஊறித்தான் கிடக்க வேண்டும். நம் ஊர் வறண்ட வெயிலே தேவலை என்று தோன்றும்.

முதலில் கோவளத்துக்குப் போங்கள். 2021இல் நீலக்கொடி (சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று) பெற்ற கரை, குளிக்கும் இடத்துக்கு எல்லை உண்டு. மாமல்லபுரம் கரையில் சரிவு அதிகம், பாறையும் கற்குவியலும் இருக்கும் பக்கம் இறங்கவே வேண்டாம். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையைப் பார்த்துவிட்டுக் கரைக்கு நடக்கலாம், பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம் என்பதால் தடுத்த இடத்தைத் தாண்டாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிடக் கரையேறும். அப்போது டார்ச் அடிப்பது, போட்டோ பிளாஷ் இரண்டுமே கூடாது.

மீன் வாங்குவோருக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடை. பெரிய மீன் விலை ஏறும், ஃபைபர் படகில் வரும் நெத்திலியும் மத்தியும் கிடைக்கும்.

பாலாறு கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர். வெள்ளம் வராத நாளில் முகத்துவாரத்தை மணல் திட்டு அடைத்திருக்கும். ஆற்று நீர் உடைத்துப் போகும் நாட்களில் அந்தத் திட்டின் விளிம்பில் நிற்காதீர்கள், மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் அரித்திருக்கும், மொத்தமாகச் சரியும்.