தங்க நானோ துகள்: வைவாவுக்கு நான் படித்த வழி

எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸில் என் ப்ராஜெக்ட் தலைப்பு, ஸ்கேனிலும் புற்றுநோய் சிகிச்சையிலும் தங்க நானோ துகள்கள். இந்த வருடம் அதே பக்கம் தலைப்பு எடுத்திருக்கும் ஜூனியர்கள் "எதிலிருந்து ஆரம்பிக்கிறது அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது நல்லது.

ரிவ்யூ கட்டுரைகளில் ஆரம்பிக்காதீர்கள். அவற்றில் தங்கம் எல்லாவற்றையும் சாதித்துவிடும். படித்து முடித்தால் தலை நிறைய நம்பிக்கை இருக்கும், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் சொல்ல ஒரு வரி இருக்காது. நான் ஒரு நோட்டு போட்டுக்கொண்டேன். எந்த ஆய்வைப் படித்தாலும் அதில் மூன்றே கேள்விகள்: துகளின் அளவும் வடிவமும் என்ன, எந்த அலைநீளம் அல்லது எந்த ஆற்றல், சோதித்தது தட்டில் வளர்த்த செல்லிலா, எலியிலா, மனிதரிலா. இந்த மூன்றுக்கும் பதில் எழுத முடியாத கட்டுரையை மேற்கோள் காட்டவே இல்லை.

முடிந்தால் முதலில் லேபில் ஒருமுறை நீங்களே துகளைச் செய்து பாருங்கள். 1951-ல் டர்கெவிச் குழு விவரித்து, 1973-ல் ஃபிரென்ஸ் செம்மைப்படுத்திய சிட்ரேட் முறை போதும். கண்ணாடிப் பாத்திரங்களை இராஜ திராவகத்தில் (தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவை) கழுவி, காய்ச்சி வடித்த நீரில் நன்றாக அலச வேண்டும். இதில் சோம்பல் பட்டால் துகள் சீராக வராது. வெளிறிய மஞ்சளாக இருக்கும் குளோரோஆரிக் அமிலக் கரைசல் கொதிக்கும்போது ட்ரைசோடியம் சிட்ரேட்டை ஊற்றினால் முதலில் நிறமே போய்விடும். பிறகு மை கலந்த மாதிரி கருநீலம், அப்புறம் மெல்ல மெல்ல ஒயின் சிவப்பு. எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் யுவி-விசிபிள் கருவியில் வைத்தால் 520 நானோமீட்டரை ஒட்டிப் பீக் நிற்கும். ஃபாரடே 1857-லேயே இந்தச் சிவப்புக் கரைசலைச் செய்து, நிறத்துக்குக் காரணம் மிக நுண்ணிய தங்கம்தான் என்று சொன்னவர்.

அந்தச் சிவப்புக் கரைசலில் கொஞ்சம் உப்புநீர் விடுங்கள். சட்டென்று ஊதாவாகி நீலமாகும். துகள்களின் மேல் இருக்கும் சிட்ரேட்டின் எதிர்மின்சுமைதான் ஒன்றையொன்று விலக்கி வைத்திருந்தது. உப்பு அந்த விலக்கத்தை மறைத்துவிடுகிறது, துகள்கள் நெருங்கிச் சேர்கின்றன, பிளாஸ்மான் பீக் (தங்கத்தின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்வதால் வரும் அந்த 520 பீக்) நீண்ட அலைநீளத்துக்கு நகர்கிறது. இந்த ஒரு சோதனையை வாழ்நாளுக்கும் மறக்கக்கூடாது. ஏனென்றால் நம் இரத்தமும் உப்புநீர்தான். ஊசியில் ஏற்றப்போகும் துகளுக்கு பாலிஎத்திலீன் கிளைக்கால் (துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் பாலிமர்) போர்வை எதற்கு என்று கேட்டால், இந்த நிறமாற்றத்திலிருந்தே பதிலை ஆரம்பிக்கலாம். வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டெர்னல் முகத்திலேயே தெரியும், இவள் கையால் செய்து பார்த்திருக்கிறாள் என்று.

அடுத்து ஒளிவெப்ப சிகிச்சை, அதாவது துகள் ஒளியை உறிஞ்சிச் சூடாகிக் கட்டியைச் சுடும் முறை. 520-ல் உறிஞ்சும் உருண்டை உடலுக்குள் அதிகம் உதவாது. அந்த ஒளியை ஹீமோகுளோபினே விழுங்கிவிடும். திசுவுக்குள் ஓரளவு ஆழம் போவது சுமார் 650 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள ஒளி. பீக்கை அங்கே தள்ளத்தான் தங்கக் கம்பிகளும், சிலிகா உருண்டையின் மேல் தங்கம் பூசிய நானோ ஓடுகளும் வந்தன. கம்பியை வளர்க்கப் பயன்படும் சிடிஏபி என்ற சோப்பு போன்ற வேதிப்பொருள் செல்லுக்கு நஞ்சு, அதை அகற்றியோ மாற்றியோதான் உள்ளே விட முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் அதிக நாள் செலவிட்டது எக்ஸ்ரே பகுதியில்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். "தங்கத்தின் அணு எண் 79, அயோடினுக்கு 53, ஆகவே சிடி கான்ட்ராஸ்டுக்குத் தங்கமே மேல்" என்று எல்லாப் புத்தகச் சுருக்கமும் சொல்லும். (கான்ட்ராஸ்ட் என்பது ஸ்கேன் படத்தில் உறுப்புகள் தெளிவாகத் தெரிய உடலில் ஏற்றும் பொருள்.) பாதிதான் சரி. அயோடினின் கே-எட்ஜ் (எக்ஸ்ரேயின் ஆற்றல் இதைத் தாண்டியதும் உறிஞ்சல் சட்டென்று கூடும் எல்லை) 33.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட், தங்கத்துக்கு 80.7. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஆற்றலில் கிராமுக்குக் கிராம் அதிகம் உறிஞ்சுவது அயோடின். 80.7-ஐத் தாண்டியதும் தங்கம் மேலே போய்விடும். 100-ல் ஏறக்குறைய 2.7 மடங்கு. ஆக பதில் எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தையும் வடிகட்டியையும் பொறுத்தது. அமெரிக்க அளவியல் நிறுவனமான நிஸ்டின் எக்ஸ்ரே உறிஞ்சல் அட்டவணையை எடுத்து 60, 80, 100 மூன்று ஆற்றலுக்கும் இரண்டு தனிமங்களின் எண்களையும் நீங்களே வரைபடமாகப் போடுங்கள். என் அறிக்கையில் எக்ஸ்டெர்னல் நின்று பார்த்த ஒரே பக்கம் அந்த வரைபடம்தான்.

கதிர்வீச்சு சிகிச்சையிலும் இதே கணக்கு: கட்டியில் தங்கம் இருந்தால் அது கதிரை அதிகம் உறிஞ்சும் என்பதே யோசனை. ஹெய்ன்ஃபெல்ட் குழுவின் 2004 எலி ஆய்வை எல்லோரும் எழுதுவார்கள்: 1.9 நானோமீட்டர் தங்கமும் எக்ஸ்ரேயும் சேர்ந்தபோது ஓராண்டு உயிர்பிழைப்பு 86 சதவீதம், எக்ஸ்ரே மட்டும் என்றால் 20. ஆனால் அங்கே பயன்படுத்தியது 250 கிலோவோல்ட் கதிர், ஊசியில் ஏற்றிய தங்கம் எடை கிலோவுக்கு 2.7 கிராம் வரை. ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு கொடுக்கும் லீனாக் இயந்திரத்தில் ஓடுவது 6 மெகாவோல்ட். அந்த ஆற்றலில் ஒளிமின் விளைவு (அணு எண் கூடக் கூடும் உறிஞ்சல்) சுருங்கி, அணு எண்ணை அவ்வளவாகச் சாராத காம்ப்டன் சிதறலே மேலோங்கும், தங்கத்தின் அனுகூலம் வெகுவாகக் குறையும். 250 கிலோவோல்ட், 2.7 கிராம் என்ற இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் எழுதாமல் 86-ஐ மட்டும் சொல்வது நோயாளிகளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். நம் துறையில் நாளை டோஸ் போடப்போவது நாம்தான்.

மனிதர்களில் நடந்ததற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். 2019-ல் வெளியான புரோஸ்டேட் ஆய்வில் 16 ஆண்களுக்கு நானோ ஓடுகளை ஏற்றி, அருகு அகச்சிவப்பு லேசரால் கட்டியைச் சுட்டார்கள். 94 சதவீத வெற்றி என்று வரும். அது 16 பேரில் 15 பேருக்குச் சிகிச்சை முறையைச் செய்து முடிக்க முடிந்தது என்பதைக் குறிக்கும் எண், குணமானவர் கணக்கு அல்ல. அதோடு 2016-ல் வில்ஹெல்ம் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டதையும் வையுங்கள்: ஏற்றிய நானோ துகளில் கட்டியைச் சேர்வது இடைநிலை அளவாக 0.7 சதவீதம். மீதியில் பெரும்பங்கு கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கும். சிறுநீரகம் வழியே வெளியேற வேண்டுமென்றால் துகள் சுமார் 5.5 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நானோ ஓடு 150 நானோமீட்டர் அளவில் இருப்பது, எத்தனை காலம் உள்ளே கிடக்கும் என்ற அடுத்த கேள்விக்கு உங்களைத் தானாகவே இட்டுச்செல்லும்.

கடைசியாக, "கதிர்வீச்சுக்குத் துணையாக ஐரோப்பாவில் சிஇ முத்திரை பெற்றது தங்கமா?" என்ற கேள்விக்கும் தயாராகப் போங்கள். இல்லை, ஐரோப்பியச் சந்தையில் விற்க வழிசெய்யும் அந்த முத்திரையை 2019-ல் பெற்றது ஹாஃப்னியம் ஆக்ஸைடு துகள். அதை இரத்தத்தில் ஏற்றாமல் நேரே கட்டிக்குள் ஊசி போடுகிறார்கள். மென்திசு சார்கோமா ஆய்வில் கட்டி ஏறக்குறைய முழுமையாக அழிந்தவர்கள் 16 சதவீதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம். 0.7 சதவீதம் என்ற எண்ணைச் சொன்ன கையோடு இதைச் சொன்னால், ஏன் நேரடி ஊசி என்பதை நீங்கள் தனியாக விளக்க வேண்டியிருக்காது.